இடது சிலிண்டர்

இது மட்டும் ஏன் மினுங்குது என்று கேட்டீர்கள், நகுலேஸ்வரி.
லின்ட்சேயிலிருந்து பதினெட்டு கிலோமீற்றர்
பனிச்சேற்றில் வந்து இறங்கி
டயரை உதைக்கவில்லை,
மணித்தியாலக் கணக்கைப் பார்க்கவில்லை,
நேரே இதில்தான் விரலை வைத்தீர்கள்.
விலை பேசத் தெரிந்தவர்.

சொல்கிறேன்.
போன மாசி, இடுப்பளவு பனி.
வாளியை முழுதாய்க் குப்புறக் கவிழ்த்து
அதன் உதட்டை நிலத்தில் ஊன்றிப்
பின்னுக்கு இழுத்தேன்.
தோசைக்கல்லில் அகப்பை போல வழித்துக்கொண்டு வந்தது.
பனிக்கு அடியில் கொங்கிரீட் விளிம்பு.
தெரியாது என்றால் பொய்,
நான் ஊற்றிய கொங்கிரீட்.

சத்தம் பெரிதில்லை,
நெட்டி முறிக்கிற அளவு.
அந்தம் வரை நீட்டி நின்ற உருக்குத் தண்டு
வெயிலில் விட்ட மெழுகுதிரியாய் வளைந்தது.
எழுநூற்றி நாற்பது டொலர், வரி வேறு.
இழுக்கத்தான் வேண்டுமென்றால்
வாளியைத் தட்டையாய் வைத்து,
மிதக்க விட்டு,
ஊர்ந்து இழுங்கள்.

வலது மூலையில் சுளிவு இருக்கிறது. பார்த்துவிட்டீர்கள்.
வேலிக்கரையில் ஒரு பாறாங்கல்,
ஒற்றை மூலையால் நெம்பினேன்.
கல் இன்னும் அங்கேதான்.
தூக்கும் கைகள் இரண்டில் ஒன்று
மற்றதைவிட ஒரு விரற்கடை தாழ்ந்து நிற்கிறது,
கண்ணை ஒடுக்கிப் பார்த்தால் தெரியும்.
அதற்கு முன்னமே இருநூறு குறைத்தாயிற்று.

பின்னால் தொங்கும் நீலப் பீப்பா, உள்ளே சீமெந்து,
விலையில் சேர்த்தி. கழற்றாதீர்கள்.
அசிங்கம் என்று கழற்றிவைத்த நாளில்
ஈர மண்ணோடு சரிவில் இறங்கினேன்.
பின்சில்லு இரண்டும்
சபையில் எழுந்து நிற்பதுபோல் மெல்ல எழுந்தன.
பிரேக் பின்சில்லில்தான் இருக்கிறது என்பதை
அப்போதுதான் என் கால் படித்தது.

எத்தனை ஆடு? நாற்பத்தொன்றா?
அப்படியென்றால் உருளைக் கட்டு தூக்குவீர்கள்.

அந்தக் கதையைச் சொல்லாமல் விற்கலாம் என்றுதான் இருந்தேன்.
ஓட்டியது நானில்லை, கிருபாலினி.
கட்டை வாளியில் ஏந்திக்கொண்டு வந்தாள்.
முன்னால் பாதை தெரியவில்லை என்று உயர்த்தினாள்.
நிறைகுடம் தளும்பாது என்பதெல்லாம்
தலைக்கு மேலே தூக்காத வரைக்கும்.
கை உயர உயர வாளி தானாகப் பின்னுக்குச் சாயும்,
கூடவே முன்னுக்குக் கவிழ்த்துக்கொண்டே போகவேணும்.
எங்களுக்கு அது தெரியாது.
இது பொய்யில்லை.

கட்டு உருண்டது.
இரண்டு கைகளும் அதற்குத் தண்டவாளம்.
புகைக்குழாயை மடித்து, மூடியை நசுக்கி,
ஸ்டியரிங்கில் முட்டி நின்றது.
வைக்கோலுக்கும் அவள் நெஞ்சுக்கும் ஒரு சாண்.
மாடு பாதி தின்ற கட்டு.
முழுக்கட்டு என்றால்
இன்று நான் உங்களோடு விலை பேசிக்கொண்டிருக்க மாட்டேன்.

அவள் என்ஜினை நிறுத்தினாள். இடுப்புப் பட்டியைக் கழற்றினாள்.
தலைமயிரில் ஒவ்வொரு துரும்பாய்ப் பொறுக்கினாள்.
"கருவேப்பிலை முடிஞ்சுபோச்சு,
கடைக்குப் போகவேணும்" என்றாள்.
போனோம்.
இருவரும் வானொலியைப் போடவில்லை.

ஈட்டி ஒன்று வாங்குங்கள், கட்டைக் குத்தித் தூக்க.
முழங்கால் உயரத்துக்கு மேல் சுமந்து ஓடாதீர்கள்.
தூக்கிய வாளிக்குக் கீழே ஆட்டைக்கூட விடாதீர்கள்.

நீங்கள் ஏறி, பட்டியை மாட்டி, சாவியைத் திருப்பினீர்கள்.
தூக்கினீர்கள், சாய்த்தீர்கள்,
ஒருபக்கம் திரும்பும்போது வாளியைத் தாழ்த்தினீர்கள்.
இறங்குமுன் அதை நிலத்தில் படிய வைத்து
என்ஜின் அடங்கிய பின்னும்
நெம்புகோலை இரண்டுதரம் ஆட்டி அழுத்தத்தை விட்டீர்கள்.
இதில் எதையும் நான் சொல்லவில்லை.
கதவோரம் கிருபாலினி தேநீரோடு நின்று பார்த்தாள்.
கண்ணால் சரி என்றாள், இன்னும் நூறு குறைத்தேன்.

பிறகு ஒரு காட்போட் மட்டை கேட்டீர்கள்.
ஏதோ எழுதத்தான் என்று நினைத்தேன்.
மறுபடி ஸ்டார்ட் செய்யச் சொன்னீர்கள்.
கையைக் கிட்டவும் கொண்டுபோகாமல்
வலப்பக்க ரப்பர் குழாய் நெடுக
மட்டையை மெல்ல நகர்த்தினீர்கள்.

மட்டையில் ஒரு பொட்டு.
எண்ணெய்.
ஊசிமுனை அளவு.

"இதுக்கு எவ்வளவு குறைப்பீங்கள்?" என்றீர்கள்.